ஒரு பிளாப்பியில் அடங்கியிருக்கும்

என் கணவன் தர்மோவுக்கு இந்த உலகத்தில் எதையும் எதனோடும் இணைத்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. நடுவில் சரியான அடாப்டர் ஒன்று இருந்தால் போதுமாம். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற மறுவாரமே சமையலறையில் இரண்டு இழுப்பறைகளைப் பிடித்துக்கொண்டான். கரண்டி எடுக்கக் கையை விட்டால் பட்டைக் கம்பி வரும். ஐம்பது ஊசி பிளக்கை நாற்பது துளை பிளக்கோடு சேர்க்கிற பச்சைப் பலகை வரும். எங்கள் கல்யாணத்துக்கும் இப்படி ஒன்று கிடைக்குமா என்று ஒருமுறை கேட்டேன். "எந்தப் பக்கம் எத்தனை ஊசின்னு சொல்லு, பாக்கலாம்" என்றான். அப்புறம் எப்படிக் கோபப்படுவது?

இவனைப் போல இன்னும் ஏழெட்டுப் பேர் பின்லாந்தில் எங்கள் ஊரான இந்தக் கோவோலாவில் இருக்கிறார்கள். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அடியில், போர் வந்தால் ஒளிந்துகொள்வதற்காகக் கட்டிய காப்பறையில் சனிக்கிழமைதோறும் கூடுவார்கள். போர் வராத வரைக்கும் அந்த இரும்புக் கதவுக்குப் பின்னால் குடியிருப்பவர்களின் பனிச்சறுக்குக் கட்டைகளும் சைக்கிள்களும் இந்த ஆண்களும்தான். முப்பது, நாற்பது வருஷத்துக் கம்ப்யூட்டர்களை எங்கிருந்தாவது பொறுக்கிவந்து உயிர் கொடுப்பார்கள். பெற்ற பிள்ளைக்கு ஜுரம் வந்தபோது இந்தக் கவலையில் பாதி பட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. செத்துக் கிடந்த மெஷின் முதல்முறை எழுந்துவிட்டால், திரையைப் பார்த்த கையோடு அதை அணைத்துவிட வேண்டும். பிறகு எல்லோரும் கைகுலுக்கி, எழுப்பியவன் கையால் ஊற்றிய காப்பியைக் குடிக்க வேண்டும். எந்தக் காலத்திலோ யாரோ ஒரு பழைய மெஷினை நெடுநேரம் ஓடவிட்டுப் புகைய வைத்ததால் வந்த வழக்கமாம். காரணம் எல்லோருக்கும் மறந்துவிட்டது, காப்பி மட்டும் நிலைத்துவிட்டது. அந்தக் காப்பிக்கு ஏலக்காய் பன் சுட்டு எடுத்துப்போவது என் வேலை. அப்படித்தான் அன்று நானும் அங்கே இருந்தேன்.

சிர்க்குவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடச் சமையலறையில் என்னோடு வருஷக்கணக்காக உருளைக்கிழங்கு உரித்தவள். அவள் பேசினால் கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி இருக்கும். தைராய்டு கட்டியை எடுத்தபோது குரலுக்குப் போகிற நரம்பு கெட்டுப்போனது. அதற்கு முன்னால் அவள் பாடகி. கோடை முழுவதும் ஏரிக்கரை நடன மண்டபங்களில் ஒரு குழுவோடு டேங்கோ பாடிக்கொண்டு ஊர் ஊராகப் போனவள். நான் கேட்டதில்லை. நான் இந்த ஊருக்கு வந்ததே அதற்கெல்லாம் பிறகுதான். அவள் மகள் வில்யாவும் கேட்டதில்லை. அறுவைச் சிகிச்சை நடந்தபோது அவள் கைக்குழந்தை. அந்தக் குழு ஒரு கேசட்கூடப் போடவில்லை. அதனால் சிர்க்கு பாடினாள் என்பதை யாரும் மறுக்கவில்லை, யாரும் மனதில் வாங்கவும் இல்லை. அவள் அந்தப் பேச்சை எடுத்தாலே வில்யா கிண்டல் செய்வாள். அம்மா பாடினால் ஏரி மீனெல்லாம் கரைக்கு வந்து வரிசையில் நிற்குமாம். சிர்க்குவும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

வில்யாவின் கல்யாணம் ஜூலையில் என்று முடிவான பிறகு, பனி உருகுகிற சமயத்தில் ஒருநாள் சிர்க்கு ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். உள்ளே செங்கல் கனத்தில், ஓரமெல்லாம் துருப்பிடித்த ஒரு பெட்டி. பழைய அமிகா கம்ப்யூட்டரின் இடுப்பில் ஒட்டிவைக்கிற ஹார்ட் டிஸ்க் பெட்டி. குழுவில் கீபோர்டு வாசித்த யோர்மாதான் வில்யாவின் அப்பன். ஒரு குளிர்காலத்தில் அவன் மைக்கைக் கம்ப்யூட்டரில் செருகி, அவளைப் பாடச் சொல்லிப் பிடித்துவைத்தானாம். முழுப் பாட்டுகூட இல்லை, ஒரே ஒரு சரணம். பிறகு அவன் சுவீடனுக்குப் போய்விட்டான், பெட்டி அவளுடைய நிலவறையில் தங்கிவிட்டது. இப்போது ஃபோன் செய்து விசாரித்திருக்கிறாள். அவனுக்கு அந்தக் குளிர்காலமே நினைவில்லையாம்.

"அந்த ஒண்ணே ஒண்ணு போதும் தர்மோ. வேற எதுவும் வேணாம்" என்றாள். "எம் பொண்ணு நான் பாடி ஒரு தடவைகூடக் கேட்டதில்ல."

தர்மோ பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடலாம் என்று சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. பெட்டி உள்ளே அரித்து வீணாகிவிட்டது. டிஸ்க்கைக் கழற்றி, இவன் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிற அடாப்டரில் செருகினான். பிளக் அழகாகப் போய் உட்கார்ந்தது. ஆனால் கம்ப்யூட்டர், அங்கே ஒன்றுமே இல்லை என்று சொன்னது. வேறு அடாப்டர், வேறு கம்பி, வேறு கம்ப்யூட்டர் என்று மாற்றிக்கொண்டே இருந்தான். சாப்பாட்டு மேசை ஒரு மாதத்துக்கு எனக்கு இல்லாமல் போயிற்று. கடைசியில் பெர்த்திதான் கண்டுபிடித்தான். அவன் இவனுடைய கூட்டாளி, தபால்காரனாக இருந்தவன், நாக்கில் நல்ல வார்த்தை வராது. அந்த டிஸ்க் அந்த ஒரு வகைப் பெட்டிக்கென்றே வந்ததாம். பிளக் ஊரில் உள்ள மற்றவை மாதிரியே இருக்கும், பேசுகிற பாஷை வேறு.

"பிளக்கு பொருந்துனா போதுமாடா? நீயும் உன் மச்சினனும் ஒரே மேசையிலதான் கிறிஸ்துமஸ் சாப்பாடு சாப்பிடுறீங்க. என்னைக்காவது ஒரு வார்த்தை பேசிக்கிட்டீங்களா?" என்றான் பெர்த்தி.

தர்மோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அதே மாதிரிப் பெட்டி ஒன்றை வடக்கே ஊலு நகரத்தில் ஒருவனிடம் தேடிப் பிடித்து, ரயிலில் போய் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். அதன் மின்சாரப் பெட்டி செத்துப்போயிருந்ததால் அதற்கு ஒரு அடாப்டர் செய்தான். கம்ப்யூட்டர் பெர்த்தியுடையது. எல்லாம் சேர்ந்ததும் இன்னொரு சங்கடம். டிஸ்க் சுற்ற மறுத்தது. வருஷக்கணக்காகக் கிடந்ததில், படிக்கிற தலை உள்ளே சுற்றுகிற தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார்கள். பூட்டில் சாவி திருப்புவது போல மணிக்கட்டால் வெடுக்கென்று ஒரு திருப்புத் திருப்பினால் சில சமயம் விட்டுவிடுமாம். சில சமயம் எல்லாமே போய்விடுமாம். தர்மோ அந்தத் திருப்பை உடைந்த டிஸ்க்குகளில் பழகிப் பார்த்தான்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சிர்க்குவையும் காப்பறைக்கு வரச் சொன்னான். அவள் நல்ல பிளவுஸ் போட்டுக்கொண்டு, உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வந்தாள். சைக்கிள்களுக்கு நடுவே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். தர்மோ டிஸ்க்கைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றினான். திருப்பினான். விசையைப் போட்டான்.

சுற்றியது. முதலில் முனகல், பிறகு மெல்ல ஏறி ஒரு சீரான ரீங்காரம். நீலத் திரையில் பெயர்கள் வரிசையாக வந்தன. பாதி யோர்மாவின் குப்பை. நடுவில் ஒன்று: சிர்க்கு டேங்கோ. பக்கத்தில் அளவு. பெர்த்தி திரையில் விரல் வைத்துக் காட்டினான். சிர்க்கு எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். தன் பெயரை அவ்வளவு நேரம் யாரும் பார்த்து நான் பார்த்ததில்லை.

அங்கேயே போட்டுக் கேட்கலாமா என்று ஒருவர் கேட்டார். சிர்க்கு வேண்டாம் என்று தலையாட்டினாள். அதை முதல்முதலில் வில்யாவோடு உட்கார்ந்துதான் கேட்க வேண்டும் என்றாள். அந்த ஆண்கள் எல்லோருக்கும் அது புரிந்தது. ஒருவர் தொப்பியைக்கூடக் கழற்றினார்.

பெர்த்தி அதற்குள் சட்டைப்பையிலிருந்து அந்தக் காலத்து பிளாப்பி டிஸ்க் ஒன்றை எடுத்துவிட்டிருந்தான். இந்த அளவு ஒரு பிளாப்பியில் தாராளமாக அடங்கும், இப்போதே போட்டுவிடலாம் என்றான்.

"எதுக்குடா பிச்சைக்காரத்தனம்?" என்றான் தர்மோ. மேசைக்கு அடியிலிருந்து புத்தம்புது அடாப்டர் ஒன்றை எடுத்தான். பெட்டியின் பின்பக்கப் பிளக்கில் அதைச் செருகினால், மெமரி கார்டு ஒன்று இன்னொரு ஹார்ட் டிஸ்க் மாதிரி நடிக்குமாம். டிஸ்க் முழுவதையும் ஒரே அள்ளாக அள்ளிவிடலாம். அதற்காகவே மூன்று வாரமாகக் காத்திருந்து ஜெர்மனியிலிருந்து வரவழைத்திருந்தான். ஆனால் அதைச் செருக வேண்டுமானால் எல்லாவற்றையும் ஒருமுறை அணைக்க வேண்டும்.

சிர்க்கு அவன் கையைத் தொட்டாள். "எனக்கு அது ஒண்ணு போதும் தர்மோ. அந்தச் சின்னதுலயே போட்டுக் குடுத்துடேன்."

"பிளாப்பிய வீட்டுக்குக் கொண்டுபோய் எதுல போட்டுக் கேப்ப? ரொட்டி சுடுற மெஷின்லயா?" என்றான். "கார்டுன்னா உன் மக ஃபோன்லயே கேக்கலாம். பொறு."

கேட்டதையும் கொடு, நீ ஆசைப்பட்டதையும் செய் என்று நானும் சொன்னேன். அவன் காதில் விழுந்தமாதிரியே இல்லை. அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எங்கள் மகன் பிறந்த அன்று பார்த்தேன், அதன் பிறகு அன்றுதான் பார்த்தேன். நியாயமாகச் சொன்னால், அவன் சொன்னது எதுவும் தப்பில்லை. பிளாப்பி பழசு, கார்டு நல்லது, முழுவதையும் எடுப்பதுதான் புத்திசாலித்தனம். எப்படியும் அணைக்கத்தான் போகிறோம், எழுந்த மெஷினுக்குக் காப்பியும் ஆகட்டும் என்று யாரோ சொன்னார்கள். தர்மோ விசையை அணைத்தான். ரீங்காரம் இறங்கி நின்றது. எல்லோரும் கைகுலுக்கினார்கள். சிர்க்குவின் கையையும் ஒவ்வொருவராகப் பிடித்துக் குலுக்கினார்கள். அவள் கண் கலங்கியிருந்தது. என் பன்களை எல்லோரும் புகழ்ந்தார்கள். பெர்த்தி மட்டும் அந்த பிளாப்பியைக் கையில் வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தான்.

காப்பி முடிந்தது. தர்மோ அடாப்டரைச் செருகினான், சரிபார்த்தான், விசையைப் போட்டான். விளக்கு எரிந்தது. சத்தம் வரவில்லை.

மறுபடியும் கையில் எடுத்துச் சூடேற்றினான். மறுபடியும் திருப்பினான். இரண்டாம் முறை திருப்பியபோது சுற்றத்தான் செய்தது. ஆனால் ரீங்காரம் இல்லை. உள்ளே ஆணியால் தட்டைச் சுரண்டுகிற சத்தம். பெர்த்தி பாய்ந்து மின்கம்பியைப் பிடுங்கினான். அந்தச் சத்தம் என்னவென்று அங்கே இருந்த ஒவ்வொரு ஆணுக்கும் தெரியும். ஒருவரும் சிர்க்குவைப் பார்க்கவில்லை. அவள்தான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள், யாராவது சொல்வார்கள் என்று.

யாரும் சொல்லாததால் நான் சொன்னேன். போய்விட்டது என்றேன்.

அவள் சத்தம் போட்டிருந்தால் நன்றாயிருக்கும். எங்கள் ஊரில் யாரும் போடுவதில்லை. அவள் எழுந்து காப்பிக் கோப்பைகளைப் பொறுக்கி, மூலையில் இருந்த தொட்டியில் ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். தர்மோ டிஸ்க்கை ஹெல்சின்கிக்கு எடுத்துப்போனான். இதற்கென்றே இருக்கிற ஒருவர் அதைத் திறந்து பார்த்தார். தலை பிய்ந்து தட்டு முழுக்கக் கீறிவிட்டது, இனி யாராலும் ஆகாது என்று சொல்லி அனுப்பினார். அதன் பிறகு இவன் சனிக்கிழமைகளில் கீழே போவதை நிறுத்திவிட்டான். ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது இழுப்பறைகள் இரண்டும் காலியாக இருந்தன. நான் இத்தனை வருஷம் கேட்டது அதுதான். ஆனால் கரண்டிகளை அவற்றில் வைக்காமல் அப்படியே மூடிவிட்டேன். மேசையில் உட்கார்ந்திருந்தவனிடம் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

கல்யாணத்துக்குப் போக மாட்டேன் என்றான். இழுத்துக்கொண்டு போனேன்.

விருந்து ஏரிக்கரையில் ஒரு பழைய நடன மண்டபத்தில். சாப்பாடு முடிந்து குழு வாத்தியங்களைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, வில்யா வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேசை மேசையாக வந்தாள். எங்கள் மேசையில் சிர்க்குவும் இருந்தாள். வில்யா தர்மோவின் தோளில் கை வைத்தாள்.

"மாமா, உங்களுக்குத்தான் வீண் அலைச்சல். அந்தப் பெட்டியில ஒண்ணுமே இல்லன்னு அம்மா சொன்னாங்க" என்றாள். சிரித்துக்கொண்டே அம்மாவின் கன்னத்தைத் தட்டினாள். "விடுங்க, மீன் கதையோட இதையும் சேத்துக்குவோம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிர்க்கு அப்படிச் சொல்லிவைத்திருப்பது எங்களுக்குத் தெரியாது. இவனைக் காப்பாற்றுவதற்காகத் தன்னைப் பொய்க்காரியாக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் தட்டில் மிச்சமிருந்த மீனை முள்கரண்டியால் ஓரம் தள்ளிக்கொண்டிருந்தாள். தர்மோ பேசாமல் இருந்திருக்கலாம். கல்யாண வீடு, சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம்.

"இருந்துச்சும்மா" என்றான். "உங்கம்மா பேரு போட்டு, பாட்டு இருந்துச்சு. நான் என் கண்ணால பாத்தேன்."

சிர்க்கு அவன் பெயரை ஒருமுறை சொன்னாள். நிறுத்து என்று அர்த்தம். அவன் நிறுத்தவில்லை.

வில்யாவின் சிரிப்பு போய்விட்டது. அப்படியானால் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டாள். அணைத்ததும் டிஸ்க் போய்விட்டது என்றான். எடுக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கேட்டாள். எனக்கு அவன் சொல்லக்கூடிய சமாதானமெல்லாம் மனப்பாடம்: கார்டு, அடாப்டர், பிளாப்பி பழசு. வீட்டில் சுவரைப் பார்த்துப் பல முறை சொல்லிப் பார்த்திருக்கிறான்.

"ஒரு நிமிஷம்" என்றான். "அதுகூட ஆயிருக்காது."

"அப்புறம் ஏன் அணைச்சீங்க?"

"காப்பி குடிக்க."

வில்யா கையை எடுத்துக்கொண்டாள். அவனைத் திட்டவில்லை. அம்மாவின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கவுன் கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்தாள். இத்தனை நாள் கிண்டல் செய்ததற்கு மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு. அது என்ன பாட்டு என்று கேட்டாள். அதைக்கூட இதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. சிர்க்கு அவள் காதருகில் குனிந்து சொன்னாள். ஆகஸ்ட் மழையைப் பற்றிய பழைய டேங்கோ, எல்லோருக்கும் தெரிந்ததுதான். வில்யா எழுந்து போய்க் குழுவிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

குழுவின் பாடகி சின்னப் பெண், நல்ல குரல். ஜோடிகள் எழுந்து போனார்கள். மாப்பிள்ளை வந்து கை நீட்டினான். அடுத்த பாட்டுக்கு வருகிறேன் என்று வில்யா அவனை அனுப்பிவிட்டாள். சிர்க்கு தலையைச் சாய்த்து இரண்டு அடிகள் கேட்டாள்.

"நான் இதை இன்னும் மெதுவாப் பாடுவேன்" என்றாள், அந்தக் காற்றுக் குரலில்.

"எவ்வளவு மெதுவா?" என்று கேட்டாள் வில்யா.

சிர்க்கு பதில் சொல்ல வாயெடுத்தாள். அதைப் பேசிக் காட்ட முடியாது, பாடித்தான் காட்ட முடியும். மேசை விரிப்பின் மேல் இரண்டு விரலால் தட்டினாள். மேடையில் போய்க்கொண்டிருந்த பாட்டைவிட மெதுவாக, ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் கொஞ்சம் காத்திருந்து. வில்யா குனிந்து அந்த விரல்களையே பார்த்தாள். தர்மோவும் பார்த்தான், நானும் பார்த்தேன். மேடையில் பாட்டு முடிந்து எல்லோரும் கைதட்டிய பிறகும், சிர்க்கு தன் சரணத்தை முடிக்கவில்லை. நாங்கள் மூவரும் காத்திருந்தோம்.